லாரியை லோக்கல் போலீஸ் நிறுத்தலாமா, எடை போடலாமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தர்மபுரிப் பக்கம் ஒருவர், சொந்தமாக ஒரே ஒரு 12 சக்கர வண்டி வைத்திருக்கிறார். மக்காச்சோளம் ஏற்றிப் போன அந்த வண்டியை ராத்திரி பதினொரு மணிக்கு உள்ளூர் ஸ்டேஷன் எஸ்.ஐ. மடக்கியிருக்கிறார். "ஓவர்லோடு மாதிரி தெரியுது, ஸ்டேஷனுக்கு விடு" என்று சொல்லி விடிய விடிய ஸ்டேஷன் வாசலில் நிற்க வைத்துவிட்டார்கள். காலையில் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வந்து எடை மேடையில் ஏற்றிப் பார்த்தால் 38 டன். ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், இருப்பது 36. "ஓவர்லோடு பிடிப்பது ஆர்.டி.ஓ. ஆபீஸ் வேலை, போலீஸுக்கு அதிகாரமே கிடையாது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அபராதம் கட்டாமல் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாமா? இனி ரோட்டில் நிறுத்தினால் என்ன செய்வது?" என்று கேட்கிறார்.

எல்லாரும் சொல்வதில் பாதி சரி. ஆனால் அந்தப் பாதியை நம்பி அபராதத்தைக் கட்டாமல் இருந்துவிட முடியாது.

நான் வக்கீல் இல்லை. சங்ககிரியில் முதலில் ஓட்டுநர், அப்புறம் இரண்டு வண்டிக்கு உரிமையாளர், இப்போது முழங்கால் வலி வந்த பிறகு மற்றவர்களின் பெர்மிட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), அபராத விவகாரங்களைப் பார்த்துக்கொடுக்கிறேன். எடை போடும் அதிகாரம் யாருக்கு என்கிற இந்த 114-வது பிரிவு விவகாரம் மாதம் இரண்டு பேராவது வந்து கேட்பது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

எடைக் கணக்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 113-வது பிரிவில் இருக்கிறது. வண்டி, சரக்கு, ஆள் எல்லாம் சேர்ந்த மொத்த எடை ஆர்.சி.யில் எழுதியிருப்பதைத் தாண்டக் கூடாது. 2018 ஜூலையில் மத்திய அரசு இந்த வரம்புகளை உயர்த்தியது. ஆறு சக்கர வண்டிக்கு 16.2 டன்னாக இருந்தது 18.5 ஆனது. பத்து சக்கரத்துக்கு 25 என்பது 28.5. பன்னிரண்டு சக்கரத்துக்கு 31 என்பது 36. "அரசாங்கமே ஏத்தச் சொல்லிடுச்சு" என்று அப்போது எங்கள் பக்கம் பழைய வண்டிக்காரர்கள்கூடப் பாரத்தைக் கூட்டினார்கள். அறிவிப்பில் என்ன இருந்தாலும், சாலையில் உங்களைப் பிடிப்பவர் பார்ப்பது ஆர்.சி.யில் உள்ள எண்ணைத்தான். அந்தப் பிரிவிலேயே இன்னொரு வரி இருக்கிறது: ஓட்டியவர் உரிமையாளர் இல்லையென்றால், உரிமையாளருக்குத் தெரிந்தே பாரம் ஏற்றினார்கள் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். "டிரைவர் ஏத்திட்டான் சார், எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பிக்கிற வழியை அன்றைக்கே அடைத்துவிட்டார்கள்.

இப்போது 114. வண்டியை எடை போட வைக்கும் அதிகாரம் யாருக்கு என்று இந்தப் பிரிவுதான் சொல்கிறது. மோட்டார் வாகனத் துறை அதிகாரிக்கு, இல்லை மாநில அரசு அதிகாரம் அளித்த வேறொருவருக்கு. போலீஸ் என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லை. தமிழ்நாட்டில் அந்த அதிகாரி என்றால் மோட்டார் வாகன ஆய்வாளர், நம் ஊர்ப் பேச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர். அவருக்கும் எல்லை உண்டு. வண்டி முன்னால் போகிற வழியில் ஏதாவது ஒரு இடத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள், அல்லது சேர வேண்டிய இடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்கும் எடை மேடைக்குத்தான் ஓட்டச் சொல்லலாம். எடை கூடியிருந்தால் எழுத்தில் உத்தரவு போட்டு, அதிகப்படியை அங்கேயே இறக்கச் சொல்லலாம். இறக்கும் பொறுப்பும் செலவும் நம்முடையது. மழையில் மூட்டை நனைந்தாலும் கேட்க முடியாது.

உங்கள் நண்பர்கள் சொல்லும் "போலீஸுக்கு அதிகாரம் இல்லை" என்பது இங்கிருந்து வருவதுதான். அரசு தனியாக அதிகாரம் கொடுத்திருந்தால் தவிர, எடை போடுவதைப் பொறுத்தவரை அது சரி. வண்டியைப் பறிமுதல் செய்யும் 207-வது பிரிவும் இதையே காட்டுகிறது. போலீஸ் அதிகாரி வண்டியைப் பிடித்து வைக்கலாம் என்று அது சொல்லும் காரணங்கள்: லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவது, வயது வராதவர் ஓட்டுவது, பதிவு இல்லாத வண்டி, பெர்மிட் இல்லாதது, பெர்மிட்டில் சொன்ன வழித்தடத்தையோ பகுதியையோ நோக்கத்தையோ மீறுவது. அந்தப் பட்டியலில் அதிகப் பாரம் இல்லை. அதனால் ராத்திரி பதினொன்றிலிருந்து காலை வரை வண்டியை ஸ்டேஷன் வாசலில் வைத்திருந்தது எந்தப் பிரிவில் என்று நீங்கள் கேட்டால், எஸ்.ஐ.யிடம் நேரடியான பதில் இருந்திருக்காது.

ஆனால் நிறுத்தியது தப்பா என்றால், இல்லை. சீருடையில் இருக்கும் போலீஸ்காரர் கை காட்டினால் நிறுத்தியாக வேண்டும், காகிதம் கேட்டால் காட்டியாக வேண்டும். நிறுத்திப் பார்த்தவருக்குப் பாரம் கூடியிருப்பதாகச் சந்தேகம் வந்தால் பிரேக் இன்ஸ்பெக்டருக்குத் தகவல் சொல்வது அவர் வேலையில் சேர்ந்ததுதான். ஒரு மணி நேரத்தில் வந்து எடை போட்டிருந்தால் நாம் பேச ஒன்றுமே இருந்திருக்காது. உங்கள் விஷயத்தில் நீண்டது ராத்திரி. சின்ன ஊர்களில் பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருவர்தான், அவரும் காலையில் எஃப்.சி. மைதானத்துக்கு வந்தால்தான் உண்டு.

கண்ணால் பார்த்தே பாரம் கண்டுபிடிக்க முடியுமா என்றும் பலர் கேட்பார்கள். முடியும். பதினைந்து வருடத்துக்கு முன் நான் தவிட்டு லோடு ஏற்றிப் போகையில் ஒரு ஸ்டேஷன்காரர் டார்ச் அடித்துப் பின்பக்கம் பார்த்துவிட்டு, "பட்டை நிமிர்ந்து கிடக்குதே, எத்தனை டன் கூட?" என்றார். வளைந்திருக்க வேண்டிய ஸ்பிரிங் பட்டை மட்டமாக இருந்தால் பாரம் கூட என்று வண்டிக்காரன் எவனுக்கும் தெரியும். நான் சண்டை போட்டேன். எடை மேடையில் ஏறியபோது இரண்டே கால் டன் கூட. அவர் கண் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கேஸ் எழுத அந்தக் கண் போதாது, எடைச்சீட்டு வேண்டும். உள்ளூர் போலீஸ் பாரத்தைச் சந்தேகப்படலாம், பாரத்தைத் தீர்மானிப்பது எடை மேடை. இந்த இடைவெளியில்தான் இத்தனை பேரமும் நடக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

எடை போட வேண்டாத குற்றங்களில் போலீஸின் கை முழு பலத்தோடு இருக்கிறது. அதை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். முதலில் காகிதம். 158-வது பிரிவுப்படி லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, சரக்கு வண்டியானால் கூடவே எஃப்.சி.யும் பெர்மிட்டும் காட்ட வேண்டும். அச்சிட்ட காகிதமாகத்தான் காட்ட வேண்டும் என்று 2018 நவம்பருக்கு அப்புறம் யாரும் சொல்ல முடியாது. மத்திய மோட்டார் வாகன விதி 139-ல் மின்னணு வடிவமும் செல்லும் என்று திருத்திவிட்டார்கள். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் என்ற அரசுச் செயலிகளில் காட்டினால் போதும். கையில் எதுவுமே இல்லாவிட்டாலும் 15 நாளுக்குள் கொண்டுவந்து காட்ட அதே விதி இடம் கொடுக்கிறது. "ஒரிஜினல் கொண்டுவந்தால்தான் வண்டி" என்று இன்னும் சொல்பவர்கள் உண்டு. சட்டம் அவர்கள் பக்கம் இல்லை.

வேகம். மத்திய அரசு 2018-ல் சரக்கு வண்டிக்கு நான்கு வழிச் சாலையில் 80, நகராட்சிச் சாலையிலும் மற்ற சாலைகளிலும் 60 என்று உச்சவரம்பு வைத்தது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது, அதனால் சாலைப் பலகையில் இருப்பதைப் பாருங்கள். வேகம் மீறினால் கனரக வண்டிக்கு அபராதம் 2,000 முதல் 4,000 வரை. குடித்துவிட்டு ஓட்டினால் வாரண்ட் இல்லாமலே கைது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால், ஆடி மாதக் கோயில் திருவிழாக் கூட்டமானாலும் சரி, கல்யாண வீட்டுக் கூட்டமானாலும் சரி, பெர்மிட் மீறல். கம்பி லோடு பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதும் எடை மேடை தேவைப்படாத குற்றம்தான். முன்பு ஒரு மீட்டர் வரை நீட்டலாம் என்று விதி இருந்தது, 2014-ல் எடுத்துவிட்டார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு பக்கத்திலோ பின்னாலோ உயரத்திலோ அளவு மீறினால் சட்டத்தில் 20,000 ரூபாய். இதற்குக் கண் போதும்.

ஊருக்குள் நுழையத் தடை செய்த நேரத்தில் நுழைவது இன்னும் மோசம். சென்னையிலும் கோவையிலும் காலை, மாலை நேரங்களில் கனரக வண்டிக்கு நோ என்ட்ரி போடுவது 115-வது பிரிவில். அதை மீறினால் தண்டனை எந்தப் பிரிவில் தெரியுமா? அதிகப் பாரத்துக்கான அதே 194-ல். ஆக, காலி வண்டியை நோ என்ட்ரியில் விட்டாலும் சட்டப் புத்தகப்படி 20,000-லிருந்துதான் கணக்கு தொடங்கும். "காலி வண்டிதானே சார்" என்று சொல்லும் ஓட்டுநர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

ரோட்டோரம் நிறுத்துவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் பொதுவழியை மறித்தால் 283-வது பிரிவு, அபராதம் 200 ரூபாய். 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 285-வது பிரிவு, 5,000 ரூபாய் வரை. தேசிய நெடுஞ்சாலையில் டீக்கடைக்கு எதிரே விளக்கில்லாமல் நிற்கிற லாரியின் பின்னால் கார் சொருகிய செய்தி அடிக்கடி வருகிறது. சிவப்பு ஒளிர் பட்டை அழுக்கேறி மங்கிப்போயிருக்கும், பின்பக்கக் காப்புக் கம்பி வளைந்திருக்கும். ஒரு ஸ்டேஷன் போலீஸ் ராத்திரி ரோந்தில் இந்த ஒன்றை மட்டும் விடாமல் பார்த்தாலே எத்தனையோ உயிர் பிழைக்கும் என்பது என் கருத்து. அதைச் செய்கிறவர்கள் குறைவு. நிற்கிற வண்டியில் ஓட்டுநர் தூங்கிக்கொண்டிருப்பார், எழுப்பிப் பேச வேண்டும். ஓடுகிற வண்டிக்குக் கை காட்டுவது சுலபம்.

அப்புறம், மோட்டார் வாகனச் சட்டத்துக்கு வெளியே போலீஸுக்கு வேறு கதவுகள் இருக்கின்றன. ரேஷன் அரிசி என்று சந்தேகம் வந்தால் அத்தியாவசியப் பொருள் சட்டம். திருட்டுப் பொருள் என்று சந்தேகம் வந்தால் பறிமுதல் செய்யும் பொது அதிகாரம். மணல், ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றும் டிப்பர்காரர்கள் நடைச்சீட்டு (கனிமம் கொண்டுபோக அனுமதிக்கும் சீட்டு) இல்லாமல் மாட்டினால், கனிமச் சட்டம் தனி, திருட்டு வழக்கு தனி. கனிமச் சட்டத்தில் அதிகாரம் பெற்ற அதிகாரி புகார் கொடுத்தால்தான் கோர்ட் எடுக்கும் என்றாலும், மணல் எடுத்ததைத் திருட்டாகப் பதிய போலீஸுக்குத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொல்லிவிட்டது. அதனால் "போலீஸுக்கு அதிகாரம் இல்லை" என்ற வசனத்தை டிப்பர்காரர்கள் பேசவே கூடாது. மக்காச்சோளக்காரர் பேசலாம், அதுவும் எடையைப் பற்றி மட்டும்.

சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. மின் சீட்டான இ-வே பில் வேறு கதை. அது ஜி.எஸ்.டி. துறையின் வேலை. அதில் ஒரு தேதி தவறிவிட்டது என்று ஸ்டேஷன் போலீஸ் அபராதம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. சரக்கு யாருடையது என்று தெரிந்துகொள்ளப் பில்லைக் கேட்டால் காட்டிவிடுங்கள், அதில் வம்பு வேண்டாம்.

இப்போது பணம். 2019 செப்டம்பர் 1-க்கு முன் ஓவர்லோடுக்கு 2,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 1,000. அன்றிலிருந்து 20,000, டன்னுக்கு 2,000. எடை போட மறுத்தாலோ, எடை போடுவதற்கு முன் சரக்கை இறக்கிவிட்டாலோ 40,000. உங்கள் 2 டன்னுக்குச் சட்டப்படி 24,000 வருகிறது. கோர்ட்டுக்குப் போகாமல் சமாதானமாகக் கட்டும் தொகையை, இணக்கக் கட்டணம் என்பார்கள், மாநில அரசு 200-வது பிரிவில் நிர்ணயிக்கும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புதிய பட்டியல் வந்தது. உங்களுக்குக் கொடுத்த சலானில் எந்தப் பிரிவு, எத்தனை டன், எவ்வளவு தொகை என்று மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அபராதம் கட்டிவிட்டால் பாரத்தோடு போகலாம் என்று இன்னும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பு சில மாநிலங்களில் அப்படித்தான் நடந்தது. மொத்தமாகப் பணம் கட்டிக் கார்டு வாங்கிக்கொண்டு மாதம் முழுக்க ஓவர்லோடு ஓட்டினார்கள். 2005 நவம்பரில் பரம்ஜித் பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை முடித்துவைத்தது: அபராதம் கட்டினாலும் கூடுதல் சரக்கை இறக்காமல் வண்டி நகரக் கூடாது. 2019 திருத்தத்தில் அதை 194-வது பிரிவுக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். உங்கள் வண்டியில் அந்த 2 டன்னை இறக்கினார்களா, இறக்காமல் அனுப்பினார்களா என்று நீங்கள் சொல்லவில்லை. இறக்காமல் அனுப்பியிருந்தால் அதைப் பற்றி எங்கும் பேசாமல் இருப்பது நல்லது.

இதில் அடிபடுவது ஓட்டுநர். ஓவர்லோடுக்கு லைசென்ஸை மூன்று மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-லேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. பாரத்தை முடிவு செய்வது சரக்குக்காரரும் புக்கிங் ஆபீஸும் நீங்களும். மூன்று மாதம் பேட்டா இல்லாமல் வீட்டில் உட்காருவது அவர். 194-ல் "ஓட்டுபவர் அல்லது ஓட்டவைப்பவர்" என்று இருந்தாலும், சரக்குக்காரர் மேல் கேஸ் போட்டதை நான் பார்த்ததில்லை.

மாமூலைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதில் முடியாது. எடை மேடை பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும், பிரேக் இன்ஸ்பெக்டர் காலையில்தான் வருவார், வண்டி நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் வாடகை நஷ்டம். எதிரே நிற்பவருக்கு எடை போட அதிகாரம் இல்லை, ஆனால் நிற்கவைக்க முடியும். இந்த நிலையில் இருநூறோ ஐந்நூறோ கைமாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அபராதம் பத்து மடங்கானதும் ஓவர்லோடு குறையும் என்று நினைத்தார்கள். எங்கள் பக்கம் முதல் சில மாதம் குறைந்தது, அப்புறம் மாமூலின் விலை ஏறியது. கொடுக்கிற நாமும் சுத்தமில்லை. 36 டன் வண்டியில் மொத்த எடை 36 டன்னுக்குள் நிற்கும்படி ஏற்றியவன் விடியும் வரை நின்றாலும் எடை போடு என்று சொல்வான். பணத்தை நீட்டுகிறவனுக்குத் தன் எடை தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு. நான்கு டயர் உள்ள தனி அச்சு ஒன்றுக்கு 11.5 டன் வரம்பு. அதில் 16 டன் இறங்கினால் சாலைக்குச் சேதம் ஒன்றரை மடங்கு ஆகாது, கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஆகும். சாலைப் பொறியாளர்கள் நான்காம் அடுக்கு விதி என்பார்கள். நம் ஊர்க் கிராமச் சாலை ஜல்லி டிப்பருக்கு ஒரு வருடம்கூடத் தாங்காமல் போவது இதனால்தான்.

எனக்கு இருக்கும் உண்மையான வருத்தம் பாரம் பற்றியதுகூட இல்லை. நான் ஓட்டிய காலத்தில் எத்தனையோ தடவை போலீஸ் நிறுத்தியிருக்கிறது. காகிதம் பார்த்தார்கள், தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தார்கள். பிரேக்கைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. டயரைப் பார்த்தவர் ஒரே ஒருவர். வயதான ஏட்டு, வண்டியைச் சுற்றி வந்து லத்தியால் ஒவ்வொரு டயராகத் தட்டினார். பின்னால் உள்பக்க டயர் ஒன்று வேறு சத்தம் கொடுத்தது. காற்று இறங்கிக் கிடந்தது, எனக்கே தெரியாது. "மாத்திட்டுப் போப்பா" என்றார், காகிதம் கேட்கவில்லை. வேலைக்கு வருமுன் அவர் லாரி கிளீனராக இருந்தவராம்.

சரக்கு வண்டியின் பிரேக்கை அரசாங்கம் பார்ப்பது எஃப்.சி. அன்றைக்குத்தான். வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கப்புறம் வருடம் ஒருமுறை. நடுவில் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும் வண்டியிடம் எல்லாக் காகிதமும் நாள் தவறாமல் இருக்கலாம். அமெரிக்காவில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். ஊர் போலீஸ்காரரோ கவுண்டி ஷெரீஃப் ஆபீஸ்காரரோ, தனிப் பயிற்சி முடித்துச் சான்று வாங்கியிருந்தால், சாலையோரத்திலேயே 37 படி கொண்ட முழுச் சோதனை செய்யலாம். வண்டிக்கு அடியில் போய் பிரேக் தள்ளுதண்டை அளந்து பார்ப்பார். பிரேக்குகளில் 20 சதவீதம் பழுது என்றால் வண்டி அங்கேயே நிற்கும். ஓட்டுநர் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பதும் அதே சோதனையில் வரும், 11 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. பயிற்சி இல்லாத போலீஸ்காரர் அந்தச் சோதனையில் கை வைக்க முடியாது. நம்மிடம் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளருக்கு நாளைக்கு 8 மணி நேரம் என்று 1961-லேயே சட்டம் வந்தது. ராத்திரி ஒரு மணிக்கு என்னை நிறுத்தியவர் யாரும் "எத்தனை மணிக்கு வண்டியில் ஏறினாய்?" என்று கேட்டதில்லை.

உள்ளூரில் ஒழுங்காக நடக்கவே நடக்காது என்றும் சொல்ல மாட்டேன். சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகும் திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவு. புலிகள் காப்பகத்துக்குள் போகிற சாலை. 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை போட்டது. சரக்கு லாரிக்கு மாலை 6 முதல் காலை 6 வரை கிடையாது, பகலிலும் 12 சக்கரத்துக்கு மேல் கிடையாது, 16.2 டன்னுக்கு மேல் கிடையாது. முதலில் மலைக்கு மேலே இருக்கும் தாளவாடிக்காரர்களும் லாரிக்காரர்களும் கொதித்தோம், போராட்டமெல்லாம் நடந்தது. ஆனால் அங்கே விதி தெளிவாக இருக்கிறது. எடை என்ன, சக்கரம் எத்தனை, மணி என்ன என்று பண்ணாரி சோதனைச்சாவடியில் நிற்கும் யாருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். பேரம் பேசும் இடம் சுருங்கிவிடுகிறது.

படம் எடுத்து அனுப்பும் அபராதம் பற்றியும் ஒரு வரி. நின்ற வண்டிக்கு வேகம் என்றும், லாரிக்கு ஹெல்மெட் இல்லை என்றும் சலான் வந்த கூத்துகள் எல்லாருக்கும் தெரிந்தவை. கேமரா போன்ற கருவியில் பதிவானது என்றால் 2021-ல் வந்த விதி 167ஏ-படி சம்பவம் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு வர வேண்டும், இடம், தேதி, நேரம் படத்தோடு இருக்க வேண்டும். மாதத்துக்கு ஒருமுறையாவது பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். எஃப்.சி. எடுக்கப் போகிற அன்றைக்குப் பழைய அபராதம் முளைத்து வேலை நின்றவர்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள்.

ரோட்டில் நிறுத்தினால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். ஓட்டுநரிடம் இன்ஜினை அணைத்துவிட்டு, இறங்கி, கேட்டதைக் காட்டச் சொல்லுங்கள். சட்டப் பிரிவு பேச வேண்டாம். நடு ராத்திரியில் 114 என்று ஒரு ஓட்டுநர் சொன்னால் அது எதிரே நிற்பவர் காதில் வேறு மாதிரி விழும். "எடை போட்டுடலாம் சார், பிரேக் இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுங்க, நாங்க வர்றோம்" என்று மட்டும் சொல்லட்டும். வண்டியை வைத்துக்கொள்வதென்றால் எழுத்தில் ஒரு மெமோ கேட்கட்டும். லோடு ஏற்றிய இடத்தில் எடுத்த எடைச்சீட்டு எப்போதும் கேபினில் இருக்க வேண்டும். முத்திரை போட்ட எடை மேடையாக இருக்கட்டும், ஆலைக்காரர் சொந்த மேடையில் அரை டன் முன்னே பின்னே காட்டுவது உண்டு.

உங்கள் கேஸுக்கு வருவோம். போலீஸ் ராத்திரி முழுக்க வைத்திருந்தது முறையில்லை என்று நீங்கள் எஸ்.பி. ஆபீஸில் மனு கொடுக்கலாம், அது தனி விஷயம். காலையில் எடை போட்டவர் அதிகாரம் உள்ளவர், மேடை 38 காட்டியது. வண்டியை யார் மடக்கினார் என்பதால் அந்த 38 டன் 36 ஆகிவிடாது. நிறுத்தியதில் குறை இருந்தாலும் கிடைத்த சாட்சியத்தை நம் நீதிமன்றங்கள் வழக்கமாகத் தள்ளிவிடுவதில்லை. அதனால் அதிகாரம் இல்லை என்ற ஒரே வாதத்தை மட்டும் வைத்துக்கொண்டு கோர்ட் ஏறாதீர்கள். வக்கீல் ஃபீஸும் அலைச்சலும் 24,000-ஐத் தாண்டிவிடும்.

ஒன்றே ஒன்றைச் சரிபாருங்கள். வண்டி போய்க்கொண்டிருந்த திசையில் முன்னால் இருந்த மேடையிலா எடை போட்டார்கள், இல்லை ஸ்டேஷனுக்காகத் திருப்பிக் கொண்டுபோய்ப் பின்னால் இருந்த மேடையிலா? எடைச்சீட்டில் மேடையின் பெயரும் நேரமும் இருக்கும். வண்டி முன்னால் போக இருந்த வழியிலிருந்து 10 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியும், சேர வேண்டிய இடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியும் இருந்த மேடை என்றால், அந்தச் சீட்டையும் டோல் ரசீதையும் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள், பேச இடம் இருக்கிறது. அந்த எல்லைக்குள் இருந்த மேடை என்றால் கட்டிவிடுங்கள், ஓட்டுநரின் லைசென்ஸுக்கு நோட்டீஸ் வந்தால் பதில் எழுத என்னிடம் அனுப்புங்கள்.